ரயில் வந்தப்புறம் ஒரு இங்கிலாந்து கிராமம் எப்படி மாறுச்சுன்னு எங்கேர்ந்து தேடறது?

கயல்:
எம்.ஏ. ஆய்வுக்கு பக்கிங்காம்ஷயர்ல ஒரு சின்ன கிராமத்த எடுத்திருக்கேன், 1838ல திறந்த லண்டன் பர்மிங்காம் லைனுக்கு ஒட்டுன ஊரு. படிக்கற புக்ல எல்லாம் ரயில் வந்துச்சு ஊரே மாறிடுச்சுன்னு ஒரே வரில முடிச்சிடறாங்க. எனக்கு யார் நிலம் போச்சு, யார் பொழப்பு போச்சு, யார் புதுசா குடிவந்தாங்கன்னு ஆள் ஆளா பாக்கணும். எதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்?

பழைய வரைபடம்:
நிலத்துலேர்ந்து ஆரம்பிங்க. அப்பல்லாம் லைன் போட பார்லிமென்ட்ல தனியா சட்டம் வாங்கணும் (இந்த லைனுக்கு 1833ல கெடச்சுது), அதுக்கு முன்னாடியே வரைபடமும் கூட ஒரு பதிவேடும் குடுத்தாகணும். அதுல ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் நம்பர் போட்டு, ஓனர் யாரு, குத்தகைக்காரர் யாரு, இப்ப கையில வச்சிருக்கறது யாருன்னு எழுதியிருக்கும். கவுன்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி) ஆவணக் காப்பகத்துல கேளுங்க. ஒண்ணு மட்டும் கவனம், 1845-46ல ரயில் மோகம் தலைக்கேறி போட்ட திட்டங்கள் நெறைய கடைசிவரைக்கும் கட்டவே இல்ல, வரைபடம் இருக்குன்னு லைன் இருந்துச்சுன்னு எழுதிடாதீங்க.

மீனா:
ஆளுங்கள தேடணும்னா சென்சஸ்தான். ஆனா 1841ல இதே கவுன்ட்டில பிறந்தவரா இல்லையான்னுதான் கேட்டாங்க, பிறந்த ஊரு பேரு 1851லேர்ந்துதான் இருக்கு. நான் 1851 ஏட்டத்தான் ரொம்ப நம்புவேன். அப்பா ரயில்வே போர்ட்டர், மூத்தது ஒரு ஊர்ல பிறந்திருக்கு, அடுத்தது வேற ஊர்ல, கடைக்குட்டி மட்டும் இங்கன்னு இருந்தா, பிள்ளைங்க வயச வச்சே அந்தக் குடும்பம் எந்த வழியா எந்த வருஷவாக்குல வந்துச்சுன்னு பிடிச்சிடலாம்.

கயல்:
சூப்பர் மீனா! அப்ப லைன் போட மண் வெட்டுன கூலியாளுங்க? 1841க்குள்ள அவங்க கெளம்பியிருப்பாங்களே?

மீனா:
ஆமா, சென்சஸ்ல பெரும்பாலும் சிக்கமாட்டாங்க. சர்ச்சோட ஞானஸ்நான ரிஜிஸ்டர பாருங்க, 1813லேர்ந்து அச்சடிச்ச படிவத்துல அப்பாவோட தொழில் எழுத ஒரு கட்டம் இருக்கு. குடும்பத்தோட வந்தவங்க அங்க தென்படலாம்.

ஸ்டேஷன் மாஸ்டர் பேரன்:
எல்லாரும் நல்லா சொல்லிட்டாங்க, நான் சொல்றது ஒண்ணுதான், ஒரே ஊர வச்சு முடிவு எழுதாதீங்க. பக்கத்துலயே ஸ்டோனி ஸ்ட்ராட்ஃபர்ட் இருக்கு, குதிரை கோச் நின்னு போற ரோட்டுல சத்திரங்களால வாழ்ந்த ஊரு, ரயில் வந்ததும் அந்த வியாபாரம் படுத்துடுச்சு. கொஞ்ச தூரத்துல வுல்வர்ட்டன்ல கம்பெனி பட்டறை போட்டு, தொழிலாளிங்களுக்கு வீடு கட்டி, புது ஊரே எழுந்துச்சு. அதே லைன், அதே வருஷங்கள்! உங்க ஊரோட சேத்து, ஸ்டேஷனே இல்லாம கொஞ்சம் தள்ளி இருக்கற ஒரு விவசாய கிராமத்தையும் எடுத்து 1841லேர்ந்து 1881 வரைக்கும் ஜனத்தொகையும் தொழிலும் ஒப்பிடுங்க. 1870களுக்கு அப்புறம் விவசாயமே சரிஞ்சுது, அங்கயும் அதே அளவுக்கு ஆளுங்க வெளிய போயிருந்தா அந்தப் பழிய ரயில் மேல போட முடியாது.