கயாக்கில் உட்கார்ந்தால் லைஃப் ஜாக்கெட் காதுவரை ஏறுகிறது, எதை வாங்குவது?

வணக்கம். மகளுக்குச் சரியான லைஃப் ஜாக்கெட் அமையவில்லை. அது அமையும்வரை அவளைத் தண்ணீரில் இறக்கப்போவதில்லை.

மகளுக்கு 14 வயது, எடை 42 கிலோ, மார்பளவு 74 செ.மீ. நீச்சல் சுமாராகத் தெரியும். படகு இன்டெக்ஸ் எக்ஸ்ப்ளோரர் கே2, காற்றடைக்கும் இரட்டை இருக்கை கயாக். இடம் முட்டுக்காடு உப்பங்கழி. முகத்துவாரம் பக்கம் போகமாட்டோம். வேலியிறக்கத்தில் நீர் கடலை நோக்கி இழுக்கும்.

பொங்கலுக்கு முன் வாங்கிய ஜாக்கெட் 100 நியூட்டன் (மிதக்க வைக்கும் விசையின் அளவு), தடித்த ஃபோம், பெரியவர்களுக்கான சிறிய அளவு. நிற்கும்போது கச்சிதமாக இருக்கிறது. உட்கார்ந்ததும் முதுகுப்பக்க ஃபோம் இருக்கையின் சாய்மானத்தில் முட்டி மேலே ஏறுகிறது. துடுப்பை வீசினால் தாடையில் இடிக்கிறது. தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் காதுவரை வந்துவிடுகிறது. பயமே அதுதான், கவிழ்ந்தால் நழுவிவிடக் கூடாதே.

பக்கப் பட்டைகளை இறுக்கிப் பார்த்தோம். சாய்மானத்தைக் கழற்றினோம், முதுகு வலி என்கிறாள். தொடையிடைப் பட்டை சேர்த்ததும் ஏறுவது நின்றது, ஆனால் உட்கார்ந்தால் உறுத்துகிறது. கடையில் அடுத்த சிறிய அளவு 40 கிலோவுக்குக் கீழே உள்ளவர்களுக்குத்தானாம்.

முதுகின் கீழ்ப்பாதியில் ஃபோம் இல்லாத 50 நியூட்டன் கயாக் ஜாக்கெட்டுகள் இருக்கின்றன. ஆனால் அவை நீந்தத் தெரிந்தவர்களுக்கானவை. மயங்கியவரை மல்லாக்கத் திருப்பாது. கரையோரம், பெரியவர் ஒருவர் கூடவே இருக்கும் நிலையில், இவளுக்கு 50 நியூட்டன் வாங்கலாமா, இல்லை 100 நியூட்டனிலேயே வேறு வடிவம் தேட வேண்டுமா?