மறு: ‘கிரீன் அட்டாக்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம். பட்டைவண்டு துளைத்த பிறகும் மரம் பச்சையாகவே தெரியும் முதல் நிலையை ஆங்கிலத்தில் ‘கிரீன் அட்டாக்’ என்கிறார்கள். நம் அகராதிக்கு அதற்கும், அடுத்து வரும் ‘ரெட் அட்டாக்’, ‘கிரே அட்டாக்’ நிலைகளுக்கும் தமிழ்ப்பெயர் தேடுகிறோம்.

> ‘பச்சைத் தாக்குதல்’ என்றே வைத்துவிடலாமே?

வேண்டாம் ஐயா. பச்சையாய் எதுவோ வந்து தாக்குவதுபோல் இருக்கிறது. பச்சையாய் நிற்பது வண்டல்ல, மரம்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மலைப்பைன் வண்டு கோடையில் பைன் பட்டையைத் துளைக்கிறது. துளைவாயில் பிசின் கட்டிகட்டியாய்த் திரண்டிருக்கும், அடிமரத்தில் மரத்தூள் சிந்திக் கிடக்கும். கூடவே வந்த நீலக்கறைப் பூஞ்சை, நீர் ஏறும் வழியை அடைக்கத் தொடங்கியிருக்கும். அண்ணாந்து பார்த்தால் ஊசியிலைகள் பச்சைப்பசேலென்று இருக்கும்! மறு கோடையில்தான் சிவக்கும். பிறகு இலை கொட்டி மரம் வெளிறும்.

கூட்டமாய்ச் சிவந்த மரங்களை, ஒரு புள்ளி 30 மீட்டர் அளவுள்ள லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்திலேயே குறித்துவிடலாம். ஆனால் அதற்குள் வண்டுகள் அடுத்த மரத்துக்குப் போயிருக்கும். அதனால்தான் ஆய்வாளர்கள் முதல் நிலையைப் பிடிக்கப் பாடுபடுகிறார்கள். 2015-இல் ஏவிய சென்டினல்-2 செயற்கைக்கோள், சிவப்புக்கும் அண்மை அகச்சிவப்புக்கும் இடைப்பட்ட அலைநீளங்களைத் தனியே பதிகிறது. பச்சையம் குறையத் தொடங்குவது அதில் ஓரளவு தெரியும், ஆனால் அதை மட்டும் நம்பி மரத்தை வெட்ட முடியாது.

> பசுநோய், செந்நோய், சாம்பல் நோய்?

வேளாண் தமிழில் சாம்பல் நோய் ஏற்கெனவே ஒரு பூஞ்சை நோயின் பெயர். தவிர, பூச்சித் தாக்குதலை அங்கே நோய் என்பதில்லை.

வானிலிருந்து பார்ப்பது மரமுடியின், அதாவது மர உச்சியின் இலைக்கவிப்பின், நிறத்தைத்தானே? ஆகவே பசுமுடித் தாக்கு, செம்முடித் தாக்கு, நரைமுடித் தாக்கு. மூன்றும் ஒரே அச்சில் வருகின்றன.

(ஊசியிலைக் காடு என்றதும் ‘பசுமைமாறா’ என்று சேர்த்து எழுதுவதையும் விட்டுவிடலாம். சைபீரியாவின் லார்ச் என்ற ஊசியிலை மரம் இலையுதிர்காலத்தில் மஞ்சளாகிக் கொட்டிவிடும். தேதி பாராமல் படத்தை எடுத்தால் நலமான காடும் நோஞ்சானாய்த் தெரியும்.)

~~~

> பசுமுடித் தாக்கு, செம்முடித் தாக்கு, நரைமுடித் தாக்கு

முதல் இரண்டும் சரி. நரைமுடி என்றால் மாணவர்கள் சிரிப்பார்கள். சிரித்தால் மறக்கமாட்டார்கள், இருக்கட்டும்.

முன்பு ஒருவர் சொன்ன ‘முதலாண்டுத் தாக்கு’ மட்டும் வேண்டாம். ஐரோப்பாவின் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்களைத் துளைக்கும் பட்டைவண்டு அதே கோடையிலேயே மரத்தைக் கொன்றுவிடுவதுண்டு. சில மரங்களில் இலைகள் சிவக்காமல் பச்சையாகவே கொட்டும். அங்கே செம்முடி நிலையே இராது. இந்தக் குறிப்பையும் அகராதிப் பதிவில் சேர்த்துவிடுங்கள்.