'பாண்ட் மெஷர்': 'கடனிசைவு' சரியாக வருமா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

அரசு கடன்பத்திரம் (பாண்ட்) வெளியிட்டுக் கடன் வாங்கலாமா என்று வாக்காளர்களிடமே கேட்பதுதான் 'பாண்ட் மெஷர்'. அதற்குத் தமிழ்ச் சொல்லாக நேற்று குழுவில் வந்த 'கடன்பத்திரப் பொதுவாக்கெடுப்பு', 'கடன் சம்மத வாக்கு' இரண்டையும் பார்த்தேன். முதலாவதில் பிழை இல்லை, நீளம்தான். இரண்டாவது பொருளிலேயே இடறுகிறது என்று நினைக்கிறேன்.

1918-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். மழை பெய்தால் சேறாகிவிடும் மண்சாலைகளைக் கெட்டிச் சாலைகளாக்க 6 கோடி டாலர் கடன், ஏறத்தாழ 4,800 மைலுக்கு. சட்டமன்றம் 1917-லேயே சட்டம் இயற்றிவிட்டது. ஆனாலும் உடனே கடன் வாங்க முடியாது. போர் போன்ற காரணங்கள் தவிர, 2,50,000 டாலருக்கு மேல் கடன்பட வேண்டுமானால் பொதுத்தேர்தலில் மக்களைக் கேட்டாக வேண்டும் என்பது அந்த மாநிலத்தின் 1870 அரசியல் சட்டம். கேட்ட கேள்விக்கு விழுந்த வாக்குகளில் பெரும்பான்மை கிடைத்தாலும் போதாது. அதே தேர்தலில் சட்டமன்ற உறுப்பினர்களுக்குப் பதிவான வாக்குகளை வைத்துத்தான் பெரும்பான்மை கணக்கு. வேட்பாளருக்கு வாக்களித்துவிட்டு, கடன் கேள்வியை வெறுமனே விட்டவரும் 'வேண்டாம்' என்றவர் பக்கம்தான் சேர்வார்.

நம்மிடம் மௌனம் சம்மதம். அங்கே மௌனம் மறுப்பு. அதனால்தான் 'சம்மதம்' இங்கே ஒட்டவில்லை. 'இசைவு' அப்படியல்ல, வெளிப்படையாகத் தர வேண்டியது. இசைவுக் கடிதத்தை எழுத்தில்தானே கேட்டு வாங்குகிறோம்? எனவே என் பரிந்துரை 'கடனிசைவு வாக்கெடுப்பு'. ஒருமுறை முழுதாக எழுதிவிட்டால் அப்புறம் 'கடனிசைவு' மட்டும் போதும். '1918 நவம்பரில் மக்கள் சாலைக் கடனிசைவு தந்தார்கள்', '1924-இல் 10 கோடி டாலருக்கு இன்னொரு கடனிசைவு' என்று எழுதிப் பாருங்கள், இயல்பாக இருக்கிறது.

'பத்திரம்' விட்டுப்போகிறதே என்று கேட்கலாம். பத்திரம் பணம் திரட்டும் வழி. மக்களிடம் கேட்டது கடன்படலாமா என்பதை. 'சாலை வரி வாக்கெடுப்பு' மட்டும் வேண்டவே வேண்டாம். அசலையும் வட்டியையும் வாகன உரிமக் கட்டணத்திலிருந்து அடைப்பதுதான் திட்டம்.

இன்னொன்று பாக்கி. அந்தக் கடனில் போட்ட சாலைகளுக்குக் கடனின் பெயரையே வைத்து 'ஸ்டேட் பாண்ட் இஷ்யூ ரூட் 1' என்று எண்ணிட்டார்கள். சுருக்கம் எஸ்.பி.ஐ. அதை அப்படியே எழுதினால் நம்மவர்களுக்கு வங்கிதான் நினைவுக்கு வரும். 'கடன்பத்திரத் தடம் 1' என்று எழுதலாமா? 'தடம்' சிறு பாதைபோல ஒலிக்கிறதோ என்ற தயக்கம் எனக்கு இருக்கிறது. வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.