புதுப்பிப்பு: மெட்டல் டிரம் ஸ்டிக், வாசித்துப் பார்த்த பிறகு

பாளையங்கோட்டையில் பாட்டுக்குழுவுக்கு டிரம்ஸ் வாசிக்கிறேன், மர ஸ்டிக் அடிக்கடி உடைகிறது, மெட்டலுக்கு மாறலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முதலில் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். முழுக்க உலோகத்தாலான கனமான ஸ்டிக், பிராக்டிஸ் பேடுக்கு (பயிற்சிக்கான ரப்பர் பலகை) மட்டும்தான். அதை டிரம்ஸ் பக்கமே கொண்டுபோகாதீங்க. தோலில் பள்ளம் விழும், சிம்பல் (உலோகத் தாளத்தட்டு) விளிம்பு கீறும். நான் வாங்கியது அஹெட் கம்பெனி ஸ்டிக் மாதிரியான வகை: உள்ளே அலுமினியக் குழாய், மேலே பிளாஸ்டிக் உறை, முனையில் நைலான். மெட்டாலிக்கா ராக் இசைக்குழுவின் டிரம்மர் லார்ஸ் உல்ரிச் வாசிப்பதும் அஹெட்தான்.

ரிம்ஷாட் (தோலையும் டிரம் விளிம்பையும் ஒரே அடியில் அடிப்பது) அடித்தால், மர ஸ்டிக்கில் ஹிக்கரி மரம் சிராய் சிராயாகப் பெயரும். இதில் உறைதான் தேயும், அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஜோடியில் இரண்டு ஸ்டிக்கும் ஒரே எடை, மழைக்காலத்திலும் வளையாது. இது எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஆனால் மணிக்கட்டு! மரம் அதிர்வில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும். அலுமினியம் அப்படியே கைக்கு அனுப்புகிறது. இறுக்கிப் பிடித்தால் இன்னும் மோசம். நம்ம பக்கத்துத் தவில்காரர்கள் பூவரசங்கம்பை விடாததில் அர்த்தம் இருக்கு. ரைடு சிம்பலிலும் (தாளம் ஓட்டும் பெரிய சிம்பல்) நைலான் முனை கணீரென்று கேட்கிறது. மெல்லிய பாட்டுக்கு அது ஒத்துவரவில்லை.

அதனால் வேகமான பாட்டுக்கு மட்டும் அலுமினியம், மற்றதுக்கெல்லாம் ஹிக்கரி 5ஏ (நடுத்தரப் பருமன்) ஸ்டிக். கை வலி இருக்கிறவங்க இதை வாங்க வேண்டாம்.