பல்சர் 150 பைக்கின் பின்சக்கர டயரை மாற்ற வேண்டும், மழைக்கும் வெயிலுக்கும் எது சரி?

வணக்கம் நண்பர்களே. என் பல்சர் 150-இன் பின் டயர் 100/90-17 (100 மி.மீ. அகலம், 17 அங்குல ரிம்), ட்யூப்லெஸ். சென்னை ஜிஎஸ்டி ரோட்டில் நேராகவே ஓடி ஓடி நடுவில் பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் ரப்பர் மேடுகள்) தேய்ந்து சப்பையாகிவிட்டது. பக்கவாட்டில் 3218 என்று இருக்கிறது, அதாவது 2018-ஆம் ஆண்டு 32-வது வாரத்துத் தயாரிப்பு, கிழவன்தான்.

போன வாரம் தூறல் ஆரம்பித்த பத்தே நிமிடத்தில், சிக்னலில் வெள்ளைக் கோட்டின் மேல் பிரேக் பிடித்ததும் பின்பக்கம் பாம்பு மாதிரி நெளிந்தது. விழவில்லை, ஆனால் பின்னால் வந்த பஸ்ஸை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது.

கடைக்காரர் "120/80 போடுங்க தம்பி, கிரிப் அள்ளும்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ரிம்முக்கு மீறிய அகலம் போட்டால் வளைவில் வண்டி திரும்புவதே கெடும், அதனால் அதே அளவுதான். மென்மையான ரப்பர் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் மே மாத ரோட்டில் சீக்கிரம் கரைந்துவிடும், அதுதான் குழப்பமே.

எம்ஆர்எஃபா, மிச்செலினா, டிவிஎஸ்ஸா? ஒரு மழைக்காலமாவது ஓட்டியவர்கள், எத்தனை கிலோமீட்டர் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்புறம், முன் டயரில் பாதி பட்டன் இருக்கிறது, அதையும் இப்போதே மாற்ற வேண்டுமா?