மறு: ‘ஃபியூஷன்’ – கலப்பா, இணைவா, ஊடா?

அன்பின் அனைவருக்கும் வணக்கம்.

இரண்டு நாளாக இங்கே மழை, கரண்ட் வந்து வந்து போகிறது. அதுதான், ‘ஃபியூஷன்’ இசைக்கு, அதாவது வேறுவேறு மரபுகளைச் சேர்த்துச் செய்யும் இசைக்கு, எந்தத் தமிழ்ச்சொல் வைப்பது என்ற நம் பேச்சுக்குப் பதில் பிந்திவிட்டது.

> மாங்குளம் அண்ணை: ‘கலப்பிசை’ போதுமே, எல்லாருக்கும் விளங்கும்.

விளங்கும் அண்ணை, சிக்கலே அதுதான். கலப்பு என்றதும் எங்கள் சனத்துக்குப் பாலில் தண்ணீரும் மிளகாய்த்தூளில் செங்கல் தூளும் நினைவுக்கு வரும். கலியாணப் பேச்சில் அந்தச் சொல்லை எந்தக் குரலில் சொல்வார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். பெயர் வைக்கும்போதே குற்றப்பத்திரிகையும் வாசிக்க வேண்டுமா?

> ரீச்சர்: ‘இணைவிசை’ எப்படி?

ரீச்சர், விஞ்ஞானம் படிப்பித்த நீங்களே இப்படிச் செய்யலாமா? இதைப் பிள்ளைகள் ‘இணை விசை’ என்று பிரித்துப் படித்து, எத்தனை நியூட்டன் என்று கேட்கும்.

சரி, என் பக்கத்துக் கதை. முள்ளியவளையில் என் மருமகன், அக்காவின் மகன், அறைச் சுவரெல்லாம் பழைய மெத்தையைச் சாத்திவைத்துப் பாட்டுப் பதிகிறான். பக்கத்தில் அரிசி ஆலை; அது நின்ற பிறகுதான் இவனுக்குப் பொழுது விடியும். போன மாதம் காத்தவராயன் கூத்துப் பாடும் அண்ணாவியார் (கூத்துப் பழக்கும் ஆசான்) ஒருவரைக் கூட்டிவந்து பாடவைத்தான். அந்தக் குரலுக்குக் கீழே ஹிப்-ஹொப் அடி. முதலில் கணினியின் தாளத்துக்குள் கிழவரை இழுத்து அடைக்கப் பார்த்தான், சரிவரவில்லை. அவர் ஓர் இடத்தில் மூச்செடுத்து நின்று, பிறகு பாய்ந்து போகிறார். கடைசியில் கணினிதான் இறங்கிவந்தது: அவர் நிற்கும் இடத்தில் அடியும் நிற்கும். கேட்டு முடிந்ததும் அண்ணாவியார் சொன்னார்: “என்ர பாட்டுத்தான் தம்பி, வேற வேட்டி கட்டியிருக்கு.”

இதில் எது கலந்தது? இரண்டும் அப்படியே கேட்கின்றன. ஆனால் ஒன்றுக்காக மற்றது தன் நடையை மாற்றியிருக்கிறது. 1970களில் ‘சக்தி’ இசைக்குழுவில் இங்கிலாந்துக் கிற்றார்க்காரர் ஜோன் மக்லாக்லின் செய்ததும் இதுதானே. எல். சங்கரின் வயலின், சாகீர் ஹுசேனின் தபேலா, விநாயக்ராமின் கடம் ஆகியவற்றோடு வாசிக்க அவருடைய கிற்றாரே மாற வேண்டியிருந்தது. கமகம் (சுரத்தை அசைத்து வளைப்பது) பிடிப்பதற்காக விரற்பலகையைக் குழிவாகச் செதுக்குவித்தார், அதிர்வுக்கென்று மேலதிகத் தந்திகளும் பூட்டுவித்தார். ஆனாலும் கடம் கடமாகத்தான் கேட்கும்.

மேட்டுக்காணியில் சோள வரிசைகளுக்கு நடுவே பயறு போட்டால் அதை யாரும் கலப்புப்பயிர் என்பதில்லை. ஊடுபயிர் என்கிறோம். சோளம் சோளம்தான், பயறு பயறுதான். பயற்றின் வேர் மண்ணுக்கு நைதரசன் சேர்க்கும், அறுவடை வேறுவேறு நாளில். ஆகவே என் முன்மொழிவு: ஊடிசை. ஊடு + இசை. செய்பவர் ஊடிசைஞர், வினை ஊடிசைத்தல். ‘ஊடல்’ நினைவுக்கு வருகிறதே என்பீர்கள். வரட்டும். அண்ணாவியாருக்கும் மருமகனுக்கும் முதல் இரண்டு கிழமை நடந்தது அதேதான்.

எல்லாவற்றையும் இதற்குள் போடவும் கூடாது. 2019இல் அமெரிக்க ராப் பாடகர் லில் நாஸ் எக்ஸின் பாட்டு ஒன்றை, நாட்டுப்புறப் பாங்கு போதாது என்று, பாட்டுகளைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்ட் இதழ் தன் ‘கன்ட்ரி’ வரிசையிலிருந்து நீக்கியது. அதே பாட்டு பொது வரிசையில் 19 வாரம் முதலிடத்தில் இருந்தது. அங்கே இசை ஊடியது பாதி, வரிசை போடுபவர்களின் கட்டம் உடைந்தது மீதி. அந்த இரண்டாவதற்கு ‘வகைமீறல்’ இருக்கட்டும். ஈழத்துப் பின்னணி கொண்ட லண்டன் பாடகி எம்.ஐ.ஏ. தன் 2007 அல்பத்துக்காகச் சென்னையில் உறுமி அடிப்பவர்களைப் பதிந்து லண்டன் நடன அடிக்குள் விட்டாரே, அவர் இரண்டிலும் வருவார்.

---

> ரீச்சர்: நியூட்டன் அடி வலித்தது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தம்பி, முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் வெள்ளைக்காரரின் வயலினை எடுத்துக் கர்நாடக இசைக்குப் பழக்கியது 200 வருடத்துக்கு முன். அதுவும் ஊடிசையா? உங்கள் கூத்துக்காரரின் ஆர்மோனியம்?

நல்ல கேள்வி ரீச்சர், நான் யோசிக்கவில்லை. அன்றைக்கு ஊடிசை, இன்றைக்கு இல்லை என்றுதான் சொல்வேன். கிடுகு வேலிக்கு நட்ட கதியால் வேர்விட்டு மரமானால் பிறகு அதைக் கதியால் என்போமா? வரைவிலக்கணத்தில் ‘வேற்றுமை இன்னும் காதில் படும்வரை’ என்று ஒரு வரி சேர்க்கிறேன்.

மாங்குளம் அண்ணை இன்னும் வாய் திறக்கவில்லை. இதற்குள் மருமகன் அவசரப்பட்டு, பாடசாலை மண்டபத்தில் நடத்தப்போகும் நிகழ்ச்சிக்கு ‘ஊடிசை இரவு’ என்று பதாகை அடிக்கக் கொடுத்துவிட்டான். கடைக்காரர் எழுத்துப்பிழை என்று நினைத்து, ‘ஊரிசை இரவு’ என்று திருத்தி அடித்து அனுப்பியிருக்கிறார்.