கிராமத்து எபிஸ்கோப்பல் சபை தொடங்கிய ஆண்டை எப்படி உறுதி செய்வது?

நாணல்:
அமெரிக்காவின் விஸ்கான்சினில், வாக்கஷா கவுண்டியில் உள்ள ஒரு சிறிய எபிஸ்கோப்பல் (அமெரிக்க ஆங்கிலிக்கன்) சபையின் ஆரம்ப வரலாற்றைத் தொகுத்து வருகிறோம். வாசல் கல்லில் 1858 என்று இருக்கிறது. ஊரில் 1840களிலேயே ஆராதனை நடந்ததாகச் சொல்கிறார்கள். ஞானஸ்நானப் பதிவேடோ 1871இல்தான் ஆரம்பிக்கிறது. எந்த ஆண்டைப் போடுவது, எங்கே தேடுவது?

திண்ணை:
மூன்றுமே சரியாக இருக்கலாம். முதல் ஆராதனை, சபையாக அமைந்தது, திருமண்டல (ஒரு பேராயரின் கீழ் வரும் சபைகளின் வட்டாரம்) மாநாடு சபையை ஏற்றுக்கொண்டது, ஆலயம் கட்டியது, பேராயர் பிரதிஷ்டை செய்தது என ஐந்தும் தனித்தனித் தேதிகள். ஐந்தையும் தனித்தனியாகவே எழுதுங்கள். ஒன்றாகக் குழைத்துவிட்டால் பின்னால் வருபவர் பிரிக்க முடியாது.

பதிவேட்டில் தொடங்காதீர்கள், மாநாட்டு நடவடிக்கைக் குறிப்பில் தொடங்குங்கள். விஸ்கான்சின் திருமண்டலம் 1847இல் அமைந்தது. ஆண்டுதோறும் அச்சான அறிக்கையில் பேராயர் எந்த நாளில் எந்த ஊருக்குப் போனார், எத்தனை பேருக்குத் திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) கொடுத்தார் என்பதெல்லாம் வரும். பின்பகுதியில் சபைவாரியாகக் குடும்பங்கள், நற்கருணை பெறுவோர், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம், காணிக்கை ஆகியவற்றின் கணக்கு இருக்கும். ஒரு எச்சரிக்கை: 1856 அறிக்கையில் வரும் சம்பவம் 1855இன் பிற்பகுதியில் நடந்திருக்கலாம். மாநாட்டுக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களைத்தான் அது சொல்கிறது.

1847க்கு முந்தையது வேண்டுமானால் ஜாக்சன் கெம்பரைத் தேடுங்கள். 1835இல் மிஷனரி பேராயராக அபிஷேகம் பெற்றவர். விஸ்கான்சினும் அவர் பொறுப்பில் வந்தது. அவருடைய நாட்குறிப்பும் கடிதங்களும் மாடிசனில் உள்ள மாநில வரலாற்றுச் சங்கத்தில் இருக்கின்றன. திருமண்டல எல்லையையும் கவனியுங்கள். விஸ்கான்சின் பிறகு மூன்று திருமண்டலங்களாகப் பிரிந்து, 2024இல் மறுபடி ஒன்றானது. அதனால் ஆவணங்கள் ஒரே அலமாரியில் இருக்காது.

மருதம்:
1840களில் ஆராதனை நடந்தது என்ற ஊர்ப்பேச்சை ஒதுக்க வேண்டாம். உங்கள் கவுண்டியிலேயே 1842இல் நஷோட்டா இறையியல் கல்லூரி தொடங்கியது. அங்கிருந்து மாணவர்கள் ஞாயிறுதோறும் நடந்தே சுற்றுவட்டாரக் குடியேற்றங்களுக்குப் போய், பள்ளிக்கூடத்திலோ யாராவது வீட்டிலோ காலை ஜெபத்தை வாசிப்பார்கள். குருப்பட்டம் இல்லாததால் நற்கருணை கொடுக்க முடியாது. குருவானவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே முதல் ஆராதனையும் முதல் நற்கருணையும் ஒரே நாளில் நடந்ததாக நினைத்துவிடாதீர்கள்.

பதிவேடு 1871இல் தொடங்குவதற்கும் இதுவே காரணமாக இருக்கக்கூடும். நாலைந்து ஊர்களைச் சுற்றிய மிஷனரி ஒரே பதிவேட்டைக் கையில் வைத்திருப்பார். உங்கள் ஊர்க் குழந்தையின் ஞானஸ்நானம் பக்கத்து ஊர்த் தாய்ச் சபையின் ஏட்டில் இருக்கும். அங்கே ஊர்ப்பெயரை வைத்துத் தேடினால் போதாது, குடும்பப் பெயரை வைத்துத் தேடுங்கள். சுற்று ஊர்களின் ஏடுகளை 1871 வரை பார்த்து முடிக்காமல் "பதிவேடு தொலைந்தது" என்று எழுத வேண்டாம்.

நிலப்பத்திரம் கவுண்டி அலுவலகத்தில் கிடைக்கும். வாக்கஷா கவுண்டி 1846இல்தான் மில்வாக்கியிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய பத்திரத்தை மில்வாக்கியில் கேட்க வேண்டும். பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பது முக்கியம். வார்டன்களும் (சபையின் பொறுப்பாளர்கள்) வெஸ்ட்ரியும் (சபை நிர்வாகக் குழு) பெற்றிருந்தால் அன்றைக்கே சபை அமைந்துவிட்டது. பேராயர் பெயரில் இருந்தால் பெரும்பாலும் அப்போது அது மிஷன்தான், அதாவது இன்னும் தனிச் சபையாக அமையாத ஊழியம்.

சாளரம்:
1858 கட்டடத்தின் ஆண்டா என்பதைக் கட்டடத்திலேயே பார்க்கலாம். மரக் கட்டடமா? பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி, இணைப்பின் மேல் ஒடுங்கிய சட்டம் அடித்திருக்கிறதா? செங்குத்துக் கூரை, கூரிய வளைவு ஜன்னல், நீண்ட கூடத்தைவிடத் தாழ்ந்த பீடப் பகுதி இவையும் இருந்தால், கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் அப்ஜான் 1852இல் கிராமச் சபைகளுக்காக வெளியிட்ட மாதிரி வரைபடங்களின் வழியில் வந்ததாக இருக்கலாம். ஊர்த் தச்சரே பார்த்துக் கட்டும்படி அமைந்தவை அவை. "அப்ஜான் கட்டினார்" என்று மட்டும் எழுதாதீர்கள், கடிதம் கையில் இல்லாமல். பக்கத்து டெலாஃபீல்டின் சிவப்பு மரக் கோயிலைப் போய்ப் பாருங்கள், ஒப்பிட நல்ல உதாரணம்.

பீடத்தின் பின்புறம், மணிமாடத்தின் உட்புறம் போன்ற வண்ணம் படாத இடங்களில் ஆணியைப் பாருங்கள். பட்டைத் தலையும் சதுரக் குறுக்குவெட்டும் கொண்ட வெட்டு ஆணி என்றால் பெரும்பாலும் 1890க்கு முந்தையது. உருண்டைக் கம்பி ஆணி என்றால் பிற்காலத்தில் பழுது பார்த்த இடம். பீடப் பகுதிக்கும் கூடத்துக்கும் இடையே அடித்தளக் கல்லில் நேர்கோட்டுப் பிளவு இருந்தால் இரண்டும் ஒரே சமயத்தில் கட்டியவை அல்ல.

அந்தக் காலத்தில் கடன் தீராத ஆலயத்தைப் பேராயர் பொதுவாகப் பிரதிஷ்டை செய்யமாட்டார். 1858இல் கட்டி முடித்த ஆலயம் சில ஆண்டுகள் கழித்துப் பிரதிஷ்டை ஆகியிருந்தால் வியப்பில்லை. அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்பதற்குப் பெண்கள் தையல் சங்கத்தின் கணக்கு நோட்டைத் தேடுங்கள். அடுப்பு, கம்பளம், மணி என எதற்கு எப்போது பணம் கொடுத்தார்கள் என்று அதில்தான் இருக்கும். இதை யாரும் தேடுவதில்லை, பெரிய இழப்பு.

நாணல்:
நன்றி ஐயா. 1862 அறிக்கையில் நற்கருணை பெறுவோர் 31, அடுத்த ஆண்டு 12. சபை உடைந்ததா?

திண்ணை:
அவசரப்பட்டு அப்படி எழுத வேண்டாம். முதலில் இரண்டு அறிக்கையிலும் கையெழுத்திட்டவர் ஒருவரே தானா, முதல் எண் பல ஊர்களைச் சேர்த்த கணக்கா என்று பாருங்கள். உள்நாட்டுப் போர்க் காலம், ஆண்கள் படைக்குப் போயிருப்பார்கள். மேற்கே குடிபெயர்ந்த குடும்பங்களும் உண்டு. புதிய குருவானவர் பழைய பட்டியலைச் சீர்செய்தாலும் எண் இப்படிச் சரியும். அடக்கப் பதிவோடும் திடப்படுத்தல் எண்ணோடும் வைத்துப் பார்த்தால் எது என்று தெரியும்.